இறங்கும் வழியில் கோவிந்தா

என் மாமா ஏகாம்பரம் நாத்திகர் இல்லை. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

போன மாதம் அவருடைய காரியத்துக்கு டிப்போவிலிருந்து டிரைவர்கள் சிலர் எங்கள் ரேணிகுண்டா வீட்டுக்கு வந்திருந்தார்கள். எல்லாரும் இப்போது திருமலைப் பாதையில் மின்சார பஸ் ஓட்டுகிறவர்கள். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது கிரி என்பவர் என் காதருகே வந்து கேட்டார்.

"அண்ணா, பெரியவரு அவரு பஸ்ல கோவிந்தா போடக் கூடாதுன்னு சொல்லுவாராமே? சாமி நம்பிக்கயே கெடையாதாமே, நெசமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. படத்துக்குப் போட்ட மாலை இன்னும் வாடவில்லை, அதற்குள் இந்தக் கேள்வி. ஆனால் அவரைத் திட்டி என்ன பயன்? டிப்போவில் கதை அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் மாமாவின் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். அவருடைய அக்கா மகன், அவருடைய ஒரே பெண் கஸ்தூரியைக் கட்டியவன். நடந்ததை முழுதாகச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை.

எங்கள் சொந்த ஊர் நகரிக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி. வீட்டில் தமிழ், கடைவீதியில் தெலுங்கு, கோபம் வந்தால் இரண்டும். மாமா லாரியில் கிளீனராகப் போய், லாரி டிரைவராகி, பிறகு பஸ்ஸுக்கு வந்தவர். சில வருடம் தரையில் ஓட்டிய பிறகு மலைப்பாதைக்குத் தேர்வானார். அந்த நாளில் மலை ஓட்டுகிறவர்களுக்குத் தனி மதிப்பு. டிப்போ கேண்டீனில் அவர்கள் உட்காரும் பெஞ்சில் சித்தூர் லைன்காரர்கள் உட்கார மாட்டார்கள். உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, இருந்தாலும் உட்கார மாட்டார்கள்.

கஸ்தூரி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அத்தை தவறிவிட்டார். மாமா இரண்டாம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காலை டூட்டிக்குப் போகும் முன் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்து மகளுக்கு இரட்டைச் சடை பின்னிவிடுவார். ரிப்பன் முடிச்சு அவர் போட்டால் மாலை வரை அவிழாது. சாயந்திரம் ஆனால் டிப்போ மைதானத்தில் பூப்பந்து. கட்டை மட்டையும் கம்பளிப் பந்தும் கிடைத்துவிட்டால் அவருக்குச் சோறு வேண்டாம். தோற்றால் ஒருவாரம் எதிர் அணியோடு பேச மாட்டார். புரட்டாசி சனிக்கிழமைகளில், தினமும் பஸ்ஸில் ஏறி இறங்கும் அதே மலையை, அலிபிரியிலிருந்து வெறுங்காலோடு நடந்து ஏறுவார். அவரைத்தான் நாத்திகர் என்கிறார்கள்.

என்னுடைய பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டிக்கெட் கிழிப்பதைச் சொல்லிக்கொடுத்தார்கள், விசில் கொடுத்தார்கள், மலைக்குப் போகிறவன் என்பதால் ஒரு மரக்கட்டையும் கொடுத்தார்கள். பாதி மலையில் வண்டி நின்றால் கண்டக்டர் முதலில் குதித்து, பின்சக்கரத்துக்கு அந்தக் கட்டையை அண்டை கொடுக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம். வேலைக்குச் சேர்ந்து சில வருடம் கழித்துத்தான் மாமாவின் வண்டிக்கு வந்தேன்.

அப்போதைய பஸ்ஸில் இன்ஜின் முன்னால், டிரைவரின் இடப்பக்கத்திலேயே இருக்கும். அதன்மேல் ஒரு தகரப் பெட்டி, பெட்டிமேல் ஒரு பழைய மெத்தை. ஏறும்போது அது போடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்கும் நான்கூடக் கத்தித்தான் பேசுவேன். மாமா பல வருடம் அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்.

மலை ஏற ஒரு பாதை, இறங்க ஒரு பாதை. ஏறுவதில் பயம் இல்லை, இன்ஜின் திணறும், அவ்வளவுதான். இறங்குவதுதான் வேலை. கியரில் பிடித்து இறக்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். அந்தப் பிரேக் காற்றில் வேலை செய்வது. காற்று எவ்வளவு இருக்கிறது என்று காட்ட முன்னால் ஒரு முள் உண்டு, ஆனால் பழைய வண்டிகளில் அந்த முள்ளை யாரும் நம்ப மாட்டோம், நின்ற இடத்திலேயே நிற்கும். பெடலை மிதித்து விடும்போது வரும் சத்தத்தைத்தான் டிரைவர்கள் நம்புவார்கள்.

மாமா திருமலையில் வண்டி எடுக்கும் முன் செய்வதை மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வருவார். காற்றுத் தொட்டியின் அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடிய விடுவார். ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, இன்ஜினைப் போடாமல், பெடலை அழுத்திக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்பார். பிறகுதான் சாவியைத் திருப்புவார். இதில் எதையும் அவர் ஒருநாள்கூட விட்டதில்லை.

சர்வீஸின் கடைசிப் பகுதியில் இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. வண்டி எடுக்கும் முன் எழுந்து, பயணிகளைப் பார்த்துக் கை கூப்பி, தெலுங்கில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் சொல்ல ஆரம்பித்தார்.

"அய்யா, அம்மா! ஏறும்போது தொண்ட கிழிய கூப்புட்டீங்க, சந்தோசம். எறங்கும்போது மட்டும் அவர மனசுக்குள்ள கூப்புடுங்க. அவருக்குக் கேக்கும். எனக்கு பிரேக்கு கேக்கணும்."

சிலர் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். பலருக்கு முகம் சுருங்கும். வளைவுக்கு வளைவு கோவிந்தா போடுவது இந்த மலையின் வழக்கம். இவ்வளவு வருடம் அந்தச் சத்தத்தோடுதானே ஓட்டினீர்கள் என்று நான் கேட்டேன்.

"அப்பல்லாம் ஜனங்க இப்படிக் கத்தலடா தணிகா. இப்ப எல்லாம் மைக் முழுங்கின மாதிரி கத்திக்கினு வராங்க" என்றார். எனக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

புகார் வராமல் இருக்குமா? வந்தது. செல்வாக்குள்ள ஒருவர் குடும்பத்தோடு வந்த பஸ்ஸில் மாமா இதைச் சொல்லிவிட்டார். டிப்போ மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார்.

அந்த டிஎம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் யாரையும் அதட்டியதில்லை. பிளாஸ்க்கிலிருந்து தானே காபி ஊற்றிக் கொடுப்பார், கடைசிக் கிளீனரையும் 'காரு' போட்டு மரியாதையாகத்தான் கூப்பிடுவார். ஆனால் விஷயம் பெரிதாக ஆக அவர் குரல் தணிந்துகொண்டே போகும். சஸ்பெண்ட் செய்யும்போது கிட்டத்தட்ட முணுமுணுப்பார். பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார், மேஜைக் கண்ணாடியைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருப்பார். அந்தத் துண்டு மேஜைமேல் வந்தால் யாருக்கோ தண்டனை என்று அர்த்தம்.

அன்றைக்கும் துண்டு வந்தது. தேவுடு மலையில் தேவுடு பேரைச் சொல்லாதே என்றால் எப்படி, ஏகாம்பரம் காரு, என்று தெலுங்கில் ஆரம்பித்தார். இனிமேல் யாரையும் தடுக்கக் கூடாது, இன்னொரு புகார் வந்தால் மலை டூட்டி கிடையாது, சித்தூர் லைன்தான் என்று முடித்தபோது எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. மாமா முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். பணிவு என்று நினைத்தேன். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தார்.

"இன்னாடா சொன்னாரு கடைசில?"

சொன்னேன்.  கேண்டீனுக்குப் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார். டீ ஆறிப்போய் ஆடை கட்டியது, அவர் குடிக்கவில்லை.

அதன் பிறகு அவர் பயணிகளிடம் பேசுவதை விட்டுவிட்டார். இறங்கும்போது கழுத்து நரம்பு புடைத்திருக்கும். கீழே வந்து சேரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

எங்கள் குழந்தைக்கு முடி இறக்கிய நாளன்று அது நடந்தது. கஸ்தூரியும் குழந்தையும் காலையிலேயே மேலே போய்விட்டார்கள். அப்பாவை அவள் கூப்பிடுவது நைனா என்றுதான். திரும்புவதற்கு நைனா வண்டியில்தான் வருவேன் என்று காத்திருந்து, பிற்பகலில் எங்கள் பஸ்ஸில் ஏறினாள். குழந்தையின் மொட்டைத் தலையில் சந்தனம். மாமா ஸ்டியரிங்கை விட்டு எழுந்து வந்து அந்தச் சந்தனத்தைத் தொட்டுத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டார். மற்ற சீட்டெல்லாம் குண்டூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரே கூட்டம். முன்சீட்டில் கனத்த குரலுடைய ஓர் அம்மாள். அவர் ஏழுமலையானை "ஏடுகொண்டலவாடா" என்று எடுத்துக் கொடுப்பார், பஸ் முழுக்க "கோவிந்தா" என்று கிடுகிடுக்கும்.

பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு வளைவில் வண்டி வழக்கத்தைவிட அகலமாகத் திரும்பியது. மாமாவின் வலக்கால் பெடலில் ஆழமாகப் போவதைப் பார்த்தேன். அவர் கியரைக் குறைத்தார். அடுத்த வளைவிலும் அப்படியே. கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கிட்டே போய்க் குனிந்தேன்.

"சூடா, லீக்காடா? ஒண்ணும் கேக்கல எனக்கு."

 சூடு என்றால் பிரேக்கை விட்டு விட்டு மிதித்து, கிடைக்கிற இடத்தில் நிறுத்தி ஆற விடலாம். லீக் என்றால் ஒவ்வொரு மிதிக்கும் மிச்சக் காற்று வெளியே போகும், அப்போது பெடலைத் தொடவே கூடாது. ஒன்றுக்குச் செய்வதை மற்றதற்குச் செய்தால் அடுத்த வளைவில் எல்லாரும் பள்ளத்தில். என் பெண்டாட்டியும் பிள்ளையும் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டம் கோவிந்தா போட்டுக்கொண்டிருக்கிறது.

சத்தம் போடாதீர்கள் என்று கத்தியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள். பிரேக் இல்லை என்றால் மொத்தப் பேரும் எழுந்து கதவுப் பக்கம் பாய்வார்கள், வண்டி அங்கேயே சாயும். எனக்கு எப்படித் தோன்றியது என்று இன்றைக்கும் தெரியாது. அந்த அம்மாள் மூச்சு வாங்கிய இடத்தில் நான் புகுந்துகொண்டேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, அடிவயிற்றிலிருந்து எடுத்தேன்.

"ஏடுகொண்டலவாடா!"

பஸ் பதில் சொன்னது. இந்த மலையில் யார் எடுத்துக் கொடுக்கிறாரோ அவர் பின்னால் போவார்கள், அது யார் என்று பார்க்க மாட்டார்கள். இன்னொருமுறை எடுத்தேன். பிறகு ஒரு கையை உயர்த்தி, அவர்கள் தெலுங்கில் சொன்னேன். "இப்போது ஒரு தடவை வாய் திறக்காமல். எல்லாரும் கண்ணை மூடி, கை கூப்பி, மனதுக்குள் கூப்பிடுங்கள். என் விசில் வரும்வரை யாரும் திறக்கக் கூடாது."

முதலில் கண்ணை மூடியவர் அந்த அம்மாள்தான். பின்னால் வரிசையாகக் கைகள் கூப்பின. கஸ்தூரி மட்டும் கண்ணை மூடவில்லை. மலை டிரைவர் மகள், அவளுக்குப் புரிந்துவிட்டது. குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. அதன் வாயில் தன் விரலை வைத்து மார்போடு அழுத்திக்கொண்டாள்.

பஸ்ஸுக்குள் இன்ஜின் உறுமல் தவிர ஒன்றும் இல்லை. மாமா பெடலைத் தொட்டார். அவர் காலடித் தகரத்துக்குக் கீழிருந்து நீளமாக, நிற்காமல், புஸ்ஸென்று சத்தம் வந்தது. கண்ணாடியில் மாமாவின் கண் என்மேல்தான் இருந்தது. புருவத்தை உயர்த்தினார். நான் வாயசைத்தேன். லீக்கு.

அவர் கால் பெடலை விட்டது. கியரை முதலுக்குத் தள்ளினார். அது போட்ட கரகரப்பு என் பல்லில் கூசியது. ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே வண்டியை மலைப்பக்கத்து வாய்க்காலில் இறக்கினார். முன்சக்கரம் விழுந்தது, பக்கவாட்டுத் தகரம் பாறையில் நீளத்துக்கு உரசியது, வண்டி ஒரு குலுக்கலோடு நின்றது. நான் குதித்துக் கட்டையைப் போட்டேன். விசில் ஊத மறந்தே போனேன்.

குலுக்கலில் கண்ணைத் திறந்த அந்த அம்மாள் ஜன்னல் வழியாகப் பாறையைப் பார்த்துவிட்டு, "அப்புடே வச்சேசிந்தா?" என்றார். அதற்குள் வந்துவிட்டதா என்று கேட்கிறார். கஸ்தூரி சிரித்தாள், சிரித்துக்கொண்டே ஓவென்று அழுதாள்.

எல்லாரையும் இறக்கி வேறு வண்டிகளில் ஏற்றி அனுப்பினோம். மெக்கானிக் வரும்வரை நானும் மாமாவும் இருந்தோம். நான் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். மிச்சக் காற்று எங்கோ முன்னால் சீறிக்கொண்டிருந்தது, அங்கிருந்தே எனக்குக் கேட்டது. மாமா முன்சக்கரத்தருகே குந்தி, உள்ளே கையை விட்டு, குழாய் நெடுக உள்ளங்கையால் தடவித் தடவிக் காற்று எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தார். அவர் முகத்துக்கும் அந்த ஓட்டைக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. தேடிக்கொண்டே இருந்தார். அப்போது எனக்கு விளங்கியது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று வீட்டில் இதைக் கஸ்தூரியிடம்கூட நான் சொல்லவில்லை. மறுநாள் டிப்போ முழுக்க மாமாவுக்குப் பாராட்டு. டிஎம் கூப்பிட்டனுப்பினார். காபி வந்தது, துண்டும் வந்தது. என் தப்பு ஏகாம்பரம் காரு, நீங்கள் சொன்னதுதான் சரி, இனி இறங்கும்போது எல்லா வண்டியிலும் நீங்கள் செய்தபடியே அமைதி கேட்கச் சொல்லிவிடுகிறேன், மேலே எழுதி உங்களுக்கு மரியாதையும் செய்ய வேண்டும் என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். மாமா வெறுமனே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிஎம் என் பக்கம் திரும்பி, "தணிகா காரு, லீக் சத்தம் முதலில் கேட்டது யாருக்கு? எழுதும்போது சரியாக எழுத வேண்டும்" என்றார்.

 உண்மையைச் சொன்னால் மாமாவின் மலை போய்விடும். அந்த மலைதான் அவருடைய மானம், மரியாதை, எல்லாம். பொய் சொன்னால் நாளைக்கு அவர் இன்னொரு பஸ் நிறைய ஜனத்தை ஏற்றிக்கொண்டு இறங்குவார். மாமாவைப் பார்த்தேன்.

"அவனக் கேக்காதீங்க சார்" என்றார் மாமா. தமிழிலேயே சொன்னார். "நீங்க இன்னா கேட்டீங்கன்னு அவன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. என் பொண்ணு புருசன், எனக்காகப் பொய் சொன்னாலும் சொல்லுவான். சத்தம் கேட்டது அவனுக்கு. எனக்குக் கேக்கல."

டிஎம்மின் கை நின்றது. எழுந்து மேஜையைச் சுற்றி வந்து, மாமாவுக்கு நேர் எதிரே நின்று, அவர் முகத்தைப் பார்த்து, நாங்கள் அதுவரை கேட்டிராத உரத்த குரலில், "எப்போதிலிருந்து?" என்றார்.

"நேத்துதான் சார் எனக்கே தெரியும். கண்ணு போயிருந்தா மறுநாளே வந்து சொல்லியிருப்பேன். காது போறது தெரியலயே. பஸ்ல கூச்சல் ஜாஸ்தியாயிடுச்சின்னு நெனச்சேன். நீங்கல்லாம் சின்னக் கொரல்ல பேசறீங்கன்னு நெனச்சேன். ஜனங்கள வாய மூடுங்கன்னு சொல்லிக்கினு இருந்தேன். நேத்து எல்லாரும் கம்முனு ஆனாங்க. அப்பவும் எனக்கு ஒண்ணும் கேக்கல சார்."

எனக்குத் துக்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. எத்தனை முறை இறங்கியிருக்கிறோம், எத்தனை பேர் அந்தச் சீட்டுகளில் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளவும் தோன்றியது, சட்டையைப் பிடித்து உலுக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

காது பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இன்ஜின் பக்கத்துக் காது ஏறக்குறையப் போய்விட்டது, மற்றதில் பாதி என்றார்கள். சீறல், சன்னக் குரல் மாதிரிச் சத்தங்கள்தான் முதலில் போகுமாம். மாமா அதற்குப் பிறகு சித்தூர் லைனிலும் ஓட்டவில்லை. ஓய்வு பெறும்வரை ஷெட்டில் டயர் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லா வண்டியிலும் அமைதி என்ற விதியும் வரவில்லை. கதை மட்டும் மிஞ்சியது, அதுவும் கோணலாக. கிரியிடம் நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்.

ஆனால் டிஎம்மிடம் மாமா உண்மையைச் சொன்ன அன்று சாயந்திரம் நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மாமா வீட்டுக்கு வந்து கஸ்தூரியிடம் தானே எல்லாவற்றையும் சொன்னார். அவள் நம்பவில்லை. "சும்மா இரு நைனா. என்கூட நல்லாத்தானே பேசிக்கினு இருக்கே" என்றாள்.

"உன் மூஞ்சியப் பாத்துக்கினு இல்ல பேசறேன்" என்றார். நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "பின்னாடி நின்னு கூப்புடு. எப்பவும் கூப்புடற மாதிரி கூப்புடணும், கத்தக் கூடாது."

கஸ்தூரி அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"நைனா."

அவர் அசையவில்லை. ஓரடி முன்னால் வைத்தாள்.

"நைனா."

சுவரைப் பார்த்தபடி, தலையைச் சற்றுச் சாய்த்துக் காத்துக்கொண்டிருந்தார். அவள் மறுபடியும் கூப்பிட்டாள். இந்தமுறை குரல் உடைந்துவிட்டது. நான் இடுப்பில் வைத்திருந்த குழந்தை அவளைத் திரும்பிப் பார்த்தது.

"இன்னாம்மா, கூப்ட்டியா?" என்று மாமா சுவரிடம் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு அவருக்கு முன்னால் போய்க் குனிந்தாள்.

"இல்ல நைனா. கொழந்த அழுதுச்சு. இன்னும் கூப்புடல."

"சரி, இப்ப கூப்புடு" என்று சொல்லிவிட்டு, மாமா மறுபடியும் சுவரைப் பார்த்து நேராக உட்கார்ந்தார்.